ஏழு நிமிட வாய்ஸ் மெசேஜ் வந்தால் என்ன செய்வீர்கள்?

அரைத்தூக்கம்

என் நண்பன் செவ்வாய்க்கிழமை ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினான். நீளம் 7 நிமிடம் 12 விநாடி. இன்று சனிக்கிழமை. நான் இன்னும் கேட்கவில்லை.

பகையெல்லாம் இல்லை. பன்னிரண்டு வருடப் பழக்கம், அதில் இரண்டு வருடம் ஒரே அறையில் இருந்தோம். ஆனால் அந்த 7:12-ஐப் பார்த்ததும் விரல் தானாக வேறு பக்கம் போய்விடுகிறது. பஸ்ஸில் கேட்கலாம் என்றால் இயர்போனில் ஒரு காது செத்துவிட்டது. வேலை நேரத்தில் முடியாது. ராத்திரி படுத்தபிறகு கேட்கலாம் என்று வைத்தால் தூங்கிவிடுகிறேன். (பெயரைப் பாருங்கள்.) இதையே நாலு வரி எழுதியிருந்தான் என்றால் செவ்வாய்க்கிழமையே பதில் போயிருக்கும்.

இப்போது நாலு நாள் தாமதத்துக்கு என்ன காரணம் சொல்வது என்று வேறு யோசிக்க வேண்டியிருக்கிறது. யோசித்த நேரத்தில் இரண்டு தடவை கேட்டு முடித்திருக்கலாம்.

உங்களுக்கு எது பிடிக்கும்? போனா, எழுத்தா, வாய்ஸ் மெசேஜா? பிடிக்காதது எது, ஏன் என்றும் சொல்லுங்கள்.

மூன்றாம்படி

எழுத்து.

சுருக்கெழுத்து

நானும் எழுத்துதான், ஆனால் காரணத்தோடு சொல்கிறேன்.

எழுதும்போது வேண்டியது எது, வேண்டாதது எது என்று பிரிக்கும் வேலையை எழுதுகிறவர் செய்துவிடுகிறார். பேசி அனுப்பினால் சல்லடை நம் கைக்கு வந்துவிடுகிறது. "ம்ம்... அது வந்து... இரு, எங்க விட்டேன்" எல்லாவற்றையும் சலித்து எடுக்க வேண்டியது நாம். ஆங்கிலத்தில் கணக்கெடுத்திருக்கிறார்கள்: மனதுக்குள் வாசிக்கும்போது நிமிடத்துக்குச் சராசரியாக 238 சொற்கள், பேச்சு என்றால் 150-ஐ ஒட்டித்தான் ஓடும். ஆக, அனுப்புகிறவர் மிச்சம் பிடிக்கிற நேரம் நம் கணக்கில்தான் எழுதப்படுகிறது.

என் மேலதிகாரி ஒருவர் இருக்கிறார். மூன்று நிமிடம் பேசி அனுப்புவார். இரண்டாவது நிமிடத்தில் எங்கோ ஒரு எண் வரும், அதே நேரம் பின்னால் யாரோ நாற்காலியை இழுப்பார்கள். "நாற்பத்தாறா, நாற்பத்தேழா?" பின்னால் தள்ளு, கேள். கொஞ்சம் அதிகமாகத் தள்ளிவிட்டால் "குட் மார்னிங்"கில் போய் நிற்கும். அந்த எண்ணை மட்டும் எழுதி அனுப்பினால் என்ன குறைந்துவிடும்?

வெயில்மழை

> அனுப்புகிறவர் மிச்சம் பிடிக்கிற நேரம் நம் கணக்கில்தான் எழுதப்படுகிறது

உங்களுக்கு இரண்டு கையும் காலியாக இருக்கிறது போல. வாழ்த்துகள்.

எனக்கு எட்டு மாதக் குழந்தை. இடது தோளில் அவள், வலது கையில் எப்போதும் ஏதாவது ஒன்று. தட்டச்சு செய்ய இரண்டு கட்டைவிரல் வேண்டும். ஒன்று கிடைத்தாலே அது அதிர்ஷ்ட நாள். என் தங்கைக்கும் எனக்கும் ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து வாய்ஸ் மெசேஜ் ஓடும். எழுதிப் பார்த்தால் பாதியில் விஷயமே இருக்காது. "இப்பதான் தூங்கினா, மெதுவா பேசறேன்" என்று ஆரம்பித்து, கிசுகிசுத்து, கடைசியில் அழுகைச் சத்தத்தோடு முடியும். அவளுக்கு அது போதும். என்ன நிலைமை என்று புரிந்துவிடும்.

எழுதினால் "நல்லா இருக்கேன்" என்று எழுதுவேன். பேசினால் அந்தப் பொய் நிற்காது.

சுருக்கெழுத்து

சரி, அக்கா-தங்கைக்கு விலக்கு உண்டு. மேலதிகாரிக்குக் கிடையாது.

பழைய_ரேடியோ

வரலாற்றைக் கொஞ்சம் புரட்டலாமா? தாங்குவீர்களா?

1876 மார்ச் 10. அலெக்சாண்டர் கிரஹாம் பெல் தொலைபேசியில் பேசிய முதல் வாக்கியம் அவருடைய உதவியாளர் வாட்சனுக்கு: "இங்கே வாருங்கள், உங்களைப் பார்க்க வேண்டும்." வாட்சன் இருந்தது வேறு அறையில். ஆக, உலகத்தின் முதல் போன் பேச்சே "போன்ல வேண்டாம், நேர்ல வா" என்பதுதான்.

முதல் எஸ்எம்எஸ் 1992 டிசம்பர் 3. நீல் பாப்வொர்த் என்ற 22 வயதுப் பொறியாளர் ஒரு கணினியிலிருந்து வோடஃபோன் நிறுவனத்தின் ரிச்சர்ட் ஜார்விஸுக்கு "மெர்ரி கிறிஸ்துமஸ்" என்று அனுப்பினார். ஜார்விஸ் பதில் போடவில்லை. கோபமில்லை, அந்தப் போனில் எழுதும் வசதியே கிடையாது.

மூன்றாம்படி

பார்த்துவிட்டுப் பதில் போடாத முதல் மனிதர். சிலை வைக்கலாம்.

அரைத்தூக்கம்

எனக்கு முன்னோடி கிடைத்துவிட்டார்.

தாமதமணி

நான் பெரும்பாலும் படித்துவிட்டுப் போகிற ஆள். இதில் எழுதத் தோன்றியது.

எனக்குத் திக்கும். சின்ன வயதிலிருந்தே. நேரில் பேசும்போது சமாளித்துவிடுவேன், எதிரில் இருப்பவர் முகம் உதவி செய்யும். சொல் சிக்கிக்கொண்டிருக்கிறது என்று அவருக்குக் கண்ணால் தெரியும், காத்திருப்பார். போனில் அது கிடையாது. "ஹலோ" என்பார்கள். நான் என் பெயரைச் சொல்ல ஆரம்பிப்பேன். திக்குகிற பலருக்கும் சொந்தப் பெயர்தான் பெரிய சுவர். வேறு சொல் என்றால் மாற்றிப் போட்டுக்கொள்ளலாம், பெயருக்கு மாற்றுச் சொல் எங்கே போவது? மூன்று விநாடி, நாலு விநாடி. அந்தப் பக்கம் "ஹலோ? ஹலோ? சிக்னல் இல்லை போல" என்று வைத்துவிடுவார்கள். ஒரு வேலை நேர்காணலுக்கு வந்த அழைப்பு இப்படி இரண்டு தடவை துண்டானது. மூன்றாவது தடவை அவர்கள் கூப்பிடவில்லை.

அதனால் "எழுத்தில் உயிர் இல்லை, ஒரு போன் போட்டால் என்ன" என்று யாராவது சொன்னால் வாயை மூடிக்கொள்வேன். எனக்கு எழுத்தில்தான் உயிர். எழுத்தில் நான் வேகமாகப் பேசுவேன், கிண்டல் செய்வேன், குறுக்கே கூடப் புகுவேன்.

வாய்ஸ் மெசேஜில் ஒரு நல்லது. சரியாக வராவிட்டால் அழித்துவிட்டு மறுபடி பேசலாம். என் மனைவிக்கு முதன்முதலில் அனுப்பிய 20 விநாடி மெசேஜை பதினோரு தடவை பதிவு செய்து அழித்தேன். அவளுக்குப் பன்னிரண்டாவதுதான் தெரியும்.

வெயில்மழை

தாமதமணி, நீங்கள் இங்கே குறுக்கே புகுந்ததில் சந்தோஷம்.

பழைய_ரேடியோ

அந்த "ஹலோ" அவசரத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது. பத்து மொழிகளில் பேச்சை அளந்து 2009-ல் ஒரு ஆய்வு வந்தது. ஒருவர் முடித்து இன்னொருவர் ஆரம்பிக்க ஆகும் இடைவெளி சராசரியாக 200 மில்லிவிநாடிதான். அதாவது ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு. அதனால் ஒரு விநாடி மௌனமே போனில் நமக்குக் கனமாகத் தெரிகிறது. மூன்று விநாடி என்றால் இணைப்பு போய்விட்டது என்றே முடிவு கட்டிவிடுகிறோம். சில அழைப்புகளில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசி, ஒரே நேரத்தில் நிறுத்தி, "நீங்க சொல்லுங்க", "இல்ல நீங்க சொல்லுங்க" என்று முட்டிக்கொள்வதும் இதனால்தான். குரல் போய்ச் சேர ஆகும் தாமதம் ஒரு பக்கத்துக்கு 150 மில்லிவிநாடிக்குள் இருந்தால் நல்லது என்று சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் பரிந்துரைக்கிறது. அதைத் தாண்டத் தாண்ட முட்டல் கூடும்.

நீலக்கோடு

எங்கள் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவருக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும், எழுதுவது கையெழுத்து மட்டும். வெளியூரில் இருக்கிற எனக்கு ஏதாவது சொல்ல வேண்டும் என்றால் முன்பெல்லாம் யாரையாவது எழுதச் சொல்வார். எழுதுகிறவர் முன்னால் எதைச் சொல்ல முடியுமோ அது மட்டும்தான் எனக்கு வந்து சேரும். போனில் பேசுவோம், ஆனால் நான் எப்போது ஓய்வாக இருப்பேன் என்று அவருக்குத் தெரியாது, எனக்குத் தொந்தரவு என்று தயங்குவார்.

வாய்ஸ் மெசேஜ் அனுப்பச் சொல்லிக் கொடுத்தது என் மகன். இப்போது தினமும் ஒன்று வரும். ஒவ்வொன்றும் "நான் அப்பா பேசறேன்" என்றுதான் ஆரம்பிக்கும். பெயரும் போட்டோவும் திரையிலேயே இருக்கிறது என்று சொல்லியும் பார்த்தாயிற்று. "நல்லா இருக்கியா?" என்று கேட்டுவிட்டு இரண்டு விநாடி நிறுத்துவார். நான் பதில் சொல்வதற்கான இடம் அது. அப்புறம் "ம்" என்று அவரே ஒத்துக்கொண்டு அடுத்த விஷயத்துக்குப் போவார். கடைசியில் "சரி, வச்சிடறேன்."

போன வாரம் என்னைப் பற்றி என்னிடமே ஒரு புகார் வந்தது. "முன்ன மாதிரி நீ பேசறதில்ல." யாரையாவது எழுதச் சொல்லியிருந்தால் இது வந்திருக்காது.

சுருக்கெழுத்து

அப்பாவுக்கும் விலக்கு. இப்படியே போனால் என் பட்டியலில் மேலதிகாரி மட்டும்தான் மிஞ்சுவார்.

இடதுகைப்பக்கம்

நான் போன் கட்சி. இந்தக் கட்சியில் ஆளே இல்லையா?

எழுத்தில் நாற்பது மெசேஜ் ஓடி முடியாத விஷயம் போனில் இரண்டு நிமிடத்தில் முடிகிறது. "எப்போ?" "நாளைக்கு." "காலையா சாயங்காலமா?" அரை மணி நேரம் கழித்து "சாயங்காலம்." "எத்தனை மணிக்கு?" மறுபடி அரை மணி நேரம். இது பேச்சா, பல் பிடுங்குவதா?

இப்போது கூப்பிடுவதற்கே முன் அனுமதி வாங்க வேண்டியிருக்கிறது. "கூப்பிடலாமா?" என்று ஒரு மெசேஜ். அதற்குப் பதில் "என்ன விஷயம்?" விஷயத்தை எழுதிவிட்டால் அப்புறம் எதற்குக் கூப்பிடுவது? நேரடியாகக் கூப்பிட்டால் எடுத்தவுடன் முதல் கேள்வி "என்னாச்சு?" ஒன்றும் ஆகவில்லை என்றால் ஏமாற்றம் போல ஒரு அமைதி.

மூன்றாம்படி

அண்ணே, உண்மையைச் சொல்கிறேன். போன் அடித்தால் அது தானாக அடங்கும் வரை பார்த்துக்கொண்டிருப்பேன். கட் செய்தால் நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்துவிடும். அதனால் கை படாமல், மூச்சு விடாமல் உட்கார்ந்திருப்பேன், ஏதோ அந்தப் பக்கத்திலிருந்து என்னைப் பார்க்கிற மாதிரி. அடங்கியதும் ஐந்து நிமிடம் கழித்து "சாரி, இப்பதான் பார்த்தேன். என்ன விஷயம்?" என்று எழுதுவேன்.

இடதுகைப்பக்கம்

அந்த "இப்பதான் பார்த்தேன்" எனக்கு வாரத்துக்கு நாலு வருகிறது. இனிமேல் நம்பப்போவதில்லை.

கணக்குநோட்டு

இதில் பேசாத ஒன்று: போன் எடுக்கப் பயப்படுவதில் இப்போது நியாயமும் இருக்கிறது. தெரியாத எண்ணிலிருந்து வருகிற அழைப்பில் பாதிக்கு மேல் ஏதாவது விற்கவோ ஏமாற்றவோதான் என்பது என் அனுபவம். அதற்கு மேல் இப்போது குரலையே நகல் எடுக்கிறார்கள். கொஞ்ச நேரப் பதிவு கிடைத்தால் போதும், அந்த ஆள் மாதிரியே பேசும் செயற்கைக் குரல் தயார். தானியங்கி அழைப்புகளில் இப்படிப்பட்ட செயற்கைக் குரலைப் பயன்படுத்துவது சட்டவிரோதம் என்று அமெரிக்காவின் தகவல் தொடர்பு ஆணையம் 2024 பிப்ரவரியில் அறிவித்தது. அறிவித்தால் நின்றுவிடுமா என்பது வேறு விஷயம்.

எங்கள் வீட்டில் ஒரு ரகசியச் சொல் வைத்திருக்கிறோம். யாராவது அவசரம், பணம் அனுப்பு என்று போனில் சொன்னால் அந்தச் சொல்லைக் கேட்க வேண்டும். போன மாதம் என் தம்பி உண்மையிலேயே அவசரத்தில் கூப்பிட்டான், சொல்லை மறந்துவிட்டான். நானும் மறந்துவிட்டேன். கடைசியில் சின்ன வயதில் அவன் உடைத்து என் தலையில் பழி போட்ட பொருள் என்ன என்று கேட்டேன். "அது நீதான் உடைச்ச" என்றான். அவனேதான் என்று உறுதியாகிவிட்டது.

வெயில்மழை

சிரித்ததில் குழந்தை எழுந்துவிட்டது. கணக்குநோட்டு பொறுப்பு.

நாலுவரி

எழுத்துக் கட்சிக்காரர்களே, உங்கள் பக்கத்திலும் ஓட்டை இருக்கிறது. "சரி" பிரச்சினையை யாரும் தொடவில்லை.

என் மகளுக்கு நான் "சரி." என்று எழுதினேன். முற்றுப்புள்ளியோடு. பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொடுத்த பழக்கம், வாக்கியம் முடிந்தால் புள்ளி. ஐந்து நிமிடத்தில் போன் வருகிறது: "அம்மா, கோபமா?" இல்லையே! "அப்போ ஏன் புள்ளி வச்சே?" புள்ளி வைத்தால் கோபமாம். "சரி" என்றால் சாதாரணம். "சரிசரி" என்றால் அவசரம். "சரிம்மா" என்றால் பாசம். "சரிஇஇ" என்றால் சம்மதம். "ம்" என்று மட்டும் வந்தால் அன்றைக்கு வீட்டுக்குள் கவனமாக நடக்க வேண்டும்.

இது அவளுடைய கற்பனை என்று நினைத்தேன். தேடிப் பார்த்தால் நியூயார்க் மாநிலத்தின் பிங்கம்டன் பல்கலைக்கழகத்தில் 2015-ல் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். 126 மாணவர்கள். குறுஞ்செய்தியில் ஒரு சொல் பதிலுக்குப் பின்னால் முற்றுப்புள்ளி இருந்தால் அதில் மனசு குறைவு என்று படித்தவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. அதே பதில் கையால் எழுதிய சீட்டில் இருந்தால் அப்படித் தோன்றவில்லை. நான் இன்னும் சீட்டிலேயே வாழ்கிறேன்.

பழைய_ரேடியோ

இதோடு சேர்த்துப் படிக்க இன்னொன்று. 2005-ல் வெளியான ஒரு ஆய்வு. மின்னஞ்சலில் கிண்டலாகவும் சீரியஸாகவும் சில வாக்கியங்களை எழுதி அனுப்பச் சொன்னார்கள். எது கிண்டல், எது சீரியஸ் என்று படிப்பவர் 78 சதவீதம் சரியாகச் சொல்லிவிடுவார் என்று எழுதியவர்கள் நினைத்தார்கள். சொன்னது 56 சதவீதம். காசு சுண்டிப் போட்டால் 50. எழுதும்போது நம் காதுக்குள் நம் குரலே ஓடுகிறது, படிப்பவருக்கும் அது கேட்கிறது என்று நினைத்துக்கொள்கிறோம்.

சுருக்கெழுத்து

56-ஆ? நான் இத்தனை வருடமாக எழுதிய நகைச்சுவையெல்லாம்?

மூன்றாம்படி

அது நகைச்சுவையா?

கணக்குநோட்டு

தமிழில் எழுதுவதே ஒரு காலத்தில் எவ்வளவு கஷ்டம் என்று இப்போதைய பிள்ளைகளுக்குத் தெரியாது. எஸ்எம்எஸ் ஒன்றுக்கு இடம் 140 பைட், அதாவது 1,120 பிட். ஆங்கிலம் என்றால் ஒரு எழுத்துக்கு 7 பிட், 160 எழுத்து அடங்கும். தமிழ் யூனிகோடில் ஒரு குறிக்கு 16 பிட், ஆக 70 தான். அதிலும் புள்ளி தனி, கொக்கி தனி, கால் தனி. "வணக்கம்" நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து, போனுக்கு ஏழு. "சௌக்கியமா" கண்ணுக்கு ஐந்து, போனுக்கு ஒன்பது. "வணக்கம், சௌக்கியமா?" என்று மரியாதையாக ஆரம்பித்தால் காற்புள்ளி, இடைவெளி, கேள்விக்குறி சேர்த்து 19 காலி. மிச்சம் 51-ல் விஷயத்தைச் சொல்ல வேண்டும். எழுபதைத் தாண்டினால் இரண்டு எஸ்எம்எஸ் கணக்கு.

அதனால்தான் நாங்கள் ஆங்கில எழுத்தில் தமிழை எழுதிப் பழகினோம். பழக்கம் போகவில்லை. என் அண்ணன் இன்னும் அப்படித்தான் எழுதுகிறான். 'மலை'யா, 'மழை'யா, 'மாலை'யா என்று ஒவ்வொரு தடவையும் ஊகிக்க வேண்டும். ஒருமுறை "மாலை வரும்" என்று படித்துவிட்டு அன்றைக்குச் சாயங்காலம் யாரோ வரப்போகிறார்கள் என்று காத்திருந்தேன். வந்தது மழை.

நீலக்கோடு

என் குரலை நானே கேட்கச் சகிக்காது, அதனால் வாய்ஸ் மெசேஜ் அனுப்ப மாட்டேன். அப்பாவுக்கு மட்டும் அனுப்புகிறேன். இந்தக் கூச்சம் எனக்கு மட்டும்தானா?

பழைய_ரேடியோ

எல்லோருக்கும் உண்டு. நாம் பேசும்போது நம் குரல் காற்று வழியாகவும் வருகிறது, மண்டை எலும்பு வழியாகவும் காதுக்குள் போகிறது. எலும்பு வழி வருவதில் கனமான, தாழ்ந்த ஒலி தூக்கலாக இருக்கும். பதிவில் எலும்பு இல்லை, காற்று மட்டும்தான். அதனால் மெலிந்த, யாரோ ஒருவரின் குரல் போலக் கேட்கிறது. வருத்தமான செய்தி என்னவென்றால், மற்றவர்கள் இத்தனை நாளும் கேட்டுக்கொண்டிருப்பது அந்தக் குரலைத்தான்.

நீலக்கோடு

ஆறுதல் சொல்வீர்கள் என்று கேட்டேன் சார்.

வெயில்மழை

வேகத்தைக் கூட்டிக் கேட்கிறவர்கள் யாராவது உண்டா? வாட்ஸ்அப்பில் 2021-லிருந்து ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு வசதி இருக்கிறது. நான் என் தங்கையை எப்போதும் ஒன்றரையில்தான் கேட்பேன். போன மாதம் நேரில் வந்தாள். பேச ஆரம்பித்ததும் எனக்குக் கவலையாகிவிட்டது. ஏன் இப்படி இழுத்து இழுத்துப் பேசுகிறாள், உடம்பு சரியில்லையா? சாப்பிட்டு முடிக்கும் வரைக்கும் கேட்கவில்லை. அப்புறம்தான் உறைத்தது, அவள் வேகமே அதுதான். அவளிடம் சொல்லவில்லை.

இடதுகைப்பக்கம்

சொந்தத் தங்கையை ஒன்றரை மடங்கில் ஓட்டுகிறீர்கள். இதற்குத்தான் போன் என்கிறேன். போனில் யாரையும் ஓட்ட முடியாது, பொறுமையாகக் கேட்டே ஆக வேண்டும்.

அப்புறம் ரேடியோக்காரரே, எங்கள் கட்சிக்கும் ஏதாவது ஆய்வு வைத்திருப்பீர்களே?

பழைய_ரேடியோ

இருக்கிறது. 2021-ல் வெளியானது. ரொம்ப நாள் தொடர்பில்லாத பழைய நண்பர் ஒருவரைத் தொடர்பு கொள்ளச் சொன்னார்கள். போன் என்றால் சங்கடமாக இருக்கும் என்று பலரும் முன்கூட்டியே சொன்னார்கள். பிறகு குலுக்கல் முறையில் சிலரைப் பேசவும் சிலரை மின்னஞ்சல் எழுதவும் வைத்தார்கள். பேசியவர்களுக்கு நெருக்கம் அதிகமாகத் தெரிந்தது, சங்கடம் எழுதியவர்களைவிடக் கூடவில்லை.

தாமதமணி

அந்த ஆய்வில் என்னைப் போன்றவர்கள் எத்தனை பேர் இருந்தார்களோ. ஆனால் நெருக்கம் என்பதை ஒத்துக்கொள்கிறேன். என் மனைவி போனில் எதுவுமே பேசாமல் நான் முடிக்கும் வரை காத்திருப்பாள். அவள் மூச்சு விடுவது கேட்கும். அதனால் இணைப்பு இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அவளிடம் மட்டும் போனில் பேசுவேன்.

இடதுகைப்பக்கம்

தம்பி, நேற்று பல் பிடுங்குவது என்றெல்லாம் எழுதினேன். மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். உங்களுக்குக் கூப்பிடுவதாக இருந்தால் முதலில் எழுதிக் கேட்பேன், எடுத்தால் காத்திருப்பேன்.

தாமதமணி

அதெல்லாம் இல்லை அண்ணே. அந்தப் பல் உதாரணம் நன்றாக இருந்தது.

நாலுவரி

எல்லாம் சரி. இழையை ஆரம்பித்த மனிதர் எங்கே? அந்த 7:12 என்னாயிற்று?

மூன்றாம்படி

தூங்கியிருப்பார்.

கணக்குநோட்டு

ஐந்தாவது நாள் ஆகிவிட்டது. ஏதாவது அவசரமாக இருந்தால்? கேளுங்கள் சார், எங்களுக்கே தாங்கவில்லை.

அரைத்தூக்கம்

கேட்டேன். இப்போதுதான். உண்மையான இப்போதுதான்.

சாதாரண வேகத்தில், நல்ல காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, மாடிப்படியில் உட்கார்ந்து. ஆரம்பம் "டேய், கேக்குதா?" வாய்ஸ் மெசேஜில் "கேக்குதா" என்று கேட்கிற உலகின் ஒரே ஆள் இவன்தான் என்று நினைத்தேன், நீலக்கோடு அப்பாவைப் படித்தபிறகு துணைக்கு ஒருவர் கிடைத்துவிட்டார்.

முதல் இரண்டரை நிமிடம் அலமாரியை ஒழித்த கதை. எந்தத் தட்டில் என்ன இருந்தது, எதைத் தூக்கிப் போட்டான், எதற்கு மனசு வரவில்லை. அப்புறம் விஷயம்: "உன் குடை என்கிட்டதான்டா இருக்கு. அந்தக் கைப்பிடி உடஞ்ச கறுப்புக் குடை. மூணு வருஷமா நீ என்னைத் திட்டினது நியாயம்தான்." (திட்டியது உண்மை. அவன் எடுக்கவேயில்லை என்று மூன்று வருடம் சாதித்ததும் உண்மை.) "சரி, வை, அப்புறம் பேசறேன்." இது வரைக்கும் 2 நிமிடம் 50 விநாடி.

மிச்சம் 4 நிமிடம் 22 விநாடி என்னவென்றால், அவன் பதிவை நிறுத்தவில்லை. பட்டனை மேலே தள்ளிப் பூட்டியிருக்கிறான், அதை மறந்து போனைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போய்விட்டான். துணி உரசுகிற சத்தம். செருப்பு. ஒரு கதவு. குழாய் ஓடுகிறது, பாத்திரம் ஒன்று தொட்டியில் விழுகிறது. அப்புறம் ஏதோ ஒரு பழைய பாட்டை மூக்கால் முனகுகிறான், சுருதி சேரவே இல்லை. ஒரே அறையில் இருந்தபோது இதற்காகத்தான் நான் தலையணையைத் தூக்கி எறிவேன். கடைசியில் போனை எடுத்து "அடச்சீ, இன்னும் ஓடுதா" என்கிறான். 7:12.

நாலு நாளாக நான் பயந்தது அந்த நாலு நிமிடப் பாத்திரச் சத்தத்துக்கு.

சுருக்கெழுத்து

முழுதும் கேட்டீர்களா? பாத்திரம் வரைக்கும்?

அரைத்தூக்கம்

கேட்டேன். ஏன் என்று கேட்காதீர்கள்.

இடதுகைப்பக்கம்

பதில் என்ன போட்டீர்கள்? போன் போட்டிருக்கலாமே.

அரைத்தூக்கம்

போட்டேன் அண்ணே. எடுக்கவில்லை. ஐந்து நிமிடம் கழித்து "சாரிடா, இப்பதான் பார்த்தேன், என்ன விஷயம்?" என்று எழுதியிருக்கிறான்.

மூன்றாம்படி

நம்ம கட்சி!

அரைத்தூக்கம்

"குடையை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வா." என்று எழுதி அனுப்பினேன்.

நாலுவரி

புள்ளியோடயா?

அரைத்தூக்கம்

புள்ளியோடுதான். மூன்று வருடம் ஆச்சு மேடம்.